உங்கள் அறை பதிவாகிவிட்டது

செங்கம் சாலையில் கோயில் பக்கமாக நடக்கத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. எதிரே ஊரே வந்துகொண்டிருந்தது. அன்று பௌர்ணமி. திதி காலையிலேயே பிறந்துவிட்டதால் மதிய வெயிலிலும் கூட்டம் குறையவில்லை. மலையை வலது கைப் பக்கம் வைத்துச் சுற்றுகிறவர்கள் அத்தனை பேரும் கோயிலிலிருந்து என் பக்கமாக வந்தார்கள். நான் ஒருவன்தான் கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு ஊரின் மறு முனையில், வேங்கிக்காலில், ஒரு வலைத்தளக் கம்பெனியில் எனக்கு நேர்காணல். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் விடவில்லை. ஆசிரமத்துப் பக்கம் இருக்கும் என் அறையிலிருந்து டவுனுக்குள் புகுந்து அந்த முனைக்குப் போக ஆறு கிலோமீட்டர் இருக்கும். நடந்தால்தான் உண்டு. காலில் ஷூ. காபி கடையில் என்னோடு வேலை செய்கிறவரிடம் ஒரு நாளைக்கு வாங்கியது, ஒரு அளவு சிறியது. எதிரே வந்தவர்கள் எல்லாம் வெறுங்காலோடு வந்தார்கள். ரோட்டில் லாரியில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதிலிருந்தும் அனல் அடித்தது.

"யோவ், ரிவர்ஸ்ல சுத்தறியா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். "வாங்குன வரத்தையெல்லாம் திருப்பிக் குடுக்கப் போறான் போல" என்றார் அவருடன் வந்தவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். தோளில் மாட்டியிருந்த லேப்டாப் பையை முன்பக்கம் இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனேன்.

அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத எண். வேலை கொடுக்கிறவர்கள் என்று நினைத்து எடுத்தேன்.

"சார், நாங்க சித்தூரு" என்றது ஒரு ஆண் குரல். தெலுங்கு கலந்த தமிழ். "ரூம் புக் பண்ணிருக்கோம். கேட்டு முன்னால நிக்கறோம் சார். இங்க ஒருத்தரு, இந்தப் பேர்ல லாட்ஜே இல்லேன்றாரு. கேட்டு அதேதான் சார். நீலக் கேட்டு. போட்டோல இருக்கறதே."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் இல்லை என்பதால் பின்னாலிருந்து யாரும் மோதவில்லை. எதிரே வந்தவர்கள் மோதினார்கள்.

அந்த லாட்ஜை நான்தான் உண்டாக்கியிருந்தேன்.

நான் பத்தாவதில் நின்றவன். திருப்பூரில் பனியன் மடித்தேன், பெங்களூரில் ஓட்டலில் இருந்தேன், லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போய் வந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. இந்த ஊருக்கு ஒரு பௌர்ணமிக்குத் தண்ணீர் பாட்டில் விற்க வந்து அப்படியே தங்கிவிட்டேன். ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபி கடையில் பாத்திரம் கழுவினேன். மொட்டை மாடியில் சிமென்ட் சீட்டு போட்ட ஓர் அறை. சென்னையில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, வீடியோ பார்த்து வலைத்தளம் செய்யக் கற்றுக்கொண்டேன். எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை தேடுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு தளம் வேண்டும், அதில் செய்த வேலைகளைக் காட்ட வேண்டும், அதற்குப் பெயர் போர்ட்ஃபோலியோ என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். செய்த வேலை இருந்தால்தானே காட்ட.

காபி கடையின் மெனுவை ஒரு பக்கமாகச் செய்தேன். அது ஒன்று. வீடியோவில் சொல்லிக்கொடுத்தபடியே தட்டச்சு செய்த வானிலைப் பக்கம் ஒன்று. மூன்றாவதாக ஏதாவது உண்மையானது போல வேண்டும் என்று தோன்றியது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் எதிரே ஒரு லாட்ஜ் தெரியும். மூன்று மாடி, நீலக் கேட். அதைப் படம் எடுத்தேன். லாட்ஜின் பெயரை மட்டும் மாற்றினேன். தெரு, மேப், கேட், எல்லாம் அசல். மக்கள் தேடுகிற சொற்களைத் தலைப்பில் வையுங்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பௌர்ணமிக்கு அறை என்று வைத்தேன். இந்த ஊருக்கு வருகிற பாதிப் பேர் ஒரு மாதத்துக்கு முன்னாலிருந்து அதைத்தான் தேடுகிறார்கள். வாடகையை எனக்கு நியாயமாகப் பட்டபடி போட்டேன். பௌர்ணமிக்கு அந்த விலையில் இங்கே பாத்ரூம்கூடக் கிடைக்காது.

தொடர்புக்கு என்று ஒரு எண் வேண்டியிருந்தது. என் எண்ணைக் கொடுத்தேன். பெயர், தேதி, எத்தனை பேர் என்று நிரப்புவதற்கு ஒரு படிவம் வைத்தேன். பட்டனை அழுத்தினால் பச்சை நிறத்தில் ஒரு பெட்டி வரும். உங்கள் அறை பதிவாகிவிட்டது, நன்றி என்று ஆங்கிலத்தில். அந்தப் பெட்டி மெதுவாக மேலே எழும்பி வரும்படி செய்ய எனக்கு நான்கு நாள் பிடித்தது. நிரப்பியதை எங்காவது அனுப்பிச் சேர்த்து வைக்கிற பகுதி அடுத்த பாடத்தில் இருந்தது. நான் அந்தப் பாடத்துக்குப் போகவில்லை. பச்சைப் பெட்டி வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் சாலையில் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் தெளிவாகத் தெரிந்தது. மூன்று வாரமாக அந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தது.

"சார், இருக்கீங்களா?" என்றார் சித்தூர்க்காரர். "அக்காவுக்கு ஆப்பரேஷன் ஆகி மூணு மாசம்தான் சார் ஆச்சு. அவங்க படுக்கணும். பாத்ரூம் போணும். எங்க பாத்தாலும் லைனு."

"ஒரு அஞ்சு நிமிஷம் சார். பேசிட்டு கூப்புடறேன்" என்றேன்.

மணி ஒன்றே முக்கால். திரும்பினால் கால் மணி நேரத்தில் கேட்டுக்குப் போய்விடலாம். போய் என்ன சொல்வது, லாட்ஜ்காரர் என்ன செய்வார், அதையெல்லாம் முடித்துவிட்டு மறுபடி ஆறு கிலோமீட்டர் நடந்தால் நாலரை ஆகும். அந்த வேலைக்கு வேறு இரண்டு பேரையும் கூப்பிட்டிருப்பதாக மெயிலில் எழுதியிருந்தார்கள். அந்த இருவரும் கல்லூரி முடித்தவர்களாக இருப்பார்கள். நேரத்துக்குப் போவது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது. போன் மறுபடி அடித்தது. அதே எண். நான் அதை அணைத்துப் பைக்குள் போட்டேன். போட்டுவிட்டு முன்னைவிட வேகமாக நடந்தேன்.

பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். பயம் இருந்தது. ஆனால் கணக்குப் பார்த்துத்தான் செய்தேன்.

கோயிலைத் தாண்டும் வரை எதிர்க்கூட்டம் குறையவில்லை. ஒரு போலீஸ்காரர் தடுப்பருகே நிறுத்தி, "எங்க போற?" என்றார். இன்டர்வியூ என்றேன். என் ஷூவைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கா வெப்பாங்க?" என்று சொல்லி வழி விட்டார். வடக்கே திரும்பியபின் நடக்க இடம் கிடைத்தது. நடக்க இடம் கிடைத்ததும் யோசிக்கவும் நேரம் கிடைத்தது. எத்தனை பேர் அந்தப் பட்டனை அழுத்தியிருப்பார்கள் என்று யோசித்தேன். பத்தா, ஐம்பதா. ஒருவருமே இல்லாமல் இந்தக் குடும்பம் மட்டுமாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள வழியில்லை. வலது குதிகால் தோல் உரிந்து பிசுபிசுத்தது.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். புது வீடுகளுக்கு நடுவில், டைல்ஸ் கடைக்கு மேல் முதல் மாடி. நான்கு மேசை. இரண்டு பேர் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். என்னை விசாரிக்க வந்தது ஒரு பெண். என்னைவிட மூன்று நான்கு வயது குறைவு. கல்லூரி முடித்த கையோடு இங்கே சேர்ந்து இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"நடந்தேவா வந்தீங்க?"

"ஆமாங்க."

"மொதல்ல தண்ணி குடிங்க."

அவருடைய பெரிய திரையில் என் தளத்தைத் திறந்தார். என் சின்ன லேப்டாப்பில் அளவாகத் தெரிந்த படங்கள் அங்கே இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தன. என்னைப் பற்றி என்ற இடத்தில் மூன்று வரி எழுதியிருந்தேன். பத்தாவது வரை படித்தேன், பல ஊர்களில் பல வேலைகள் செய்தேன், இப்போது வலைத்தளம் செய்கிறேன். அதற்கு முன் எழுதிய நான்கு மாதிரிகளையும் அழித்திருந்தேன்.

"இது யாரு எழுதிக் குடுத்தது?"

"நானேதாங்க."

"பரவால்ல. மத்தவங்கள்லாம் ஐ ஆம் பேஷனேட்னு ஆரம்பிப்பாங்க." பக்கத்தைக் கீழே நகர்த்தினார். எனக்கு எது எவ்வளவு தெரியும் என்று காட்டுகிற பட்டைகள் வரிசையாக நீண்டன. ஒன்றில் தொண்ணூறு சதவீதம், ஒன்றில் எழுபது. "இந்த எழுபது யாரு போட்ட மார்க்கு?"

"நான்தாங்க."

"கொஞ்சம் தாராளமாவே போட்டிருக்கீங்க."

தட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தோள் குலுங்கியது. ஆனால் அந்தப் பெண் கடுமையாகச் சொல்லவில்லை. மெனு பக்கத்தைப் பார்த்தார். வானிலையைத் திறந்து உடனே மூடினார். "இத எல்லாரும் வெச்சிருக்காங்க." பிறகு லாட்ஜ் பக்கம். அதில் நின்றார். மேலும் கீழும் போய்ப் பார்த்தார். தன் போனிலும் திறந்து பார்த்தார்.

"இது நல்லா இருக்கு" என்றார். "இது ஓடுதா, சும்மா செஞ்சதா?"

சும்மா என்று சொல்லியிருந்தால் போதும். அந்த நல்லா இருக்கு என்ற சொல் என்னை வேறு பக்கம் தள்ளியது. "ஓடுதுங்க" என்றேன்.

"கிளையன்ட் லோக்கல்தான? ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாருக்கும் கேக்கறதுதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் லாட்ஜ் பக்கத்தில் போட்டிருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தமிழில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் சொன்னது. அவர் போனை மேசையில் வைத்தார்.

"அண்ணா, இன்னிக்கு என்ன நாளு?"

"பௌர்ணமிங்க."

"எங்க மாமா பஸ் ஸ்டாண்டுகிட்ட எட்டு ரூம் வெச்சிருக்காரு. பௌர்ணமி வந்தா பாத்ரூமுக்குக்கூட போன எடுத்துட்டுப் போவாரு. மனுஷன் அன்னிக்கு சாப்பிடறதே இல்ல, பேசிட்டே இருப்பாரு. எந்த லாட்ஜ்காரர் இன்னிக்கு போன ஆஃப் பண்ணி வெப்பாரு?"

அவர் என் தளத்தின் கடைசிக்குப் போனார். அங்கே என்னைத் தொடர்புகொள்ள என் எண் இருந்தது. லாட்ஜ் பக்கத்தின் எண்ணையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே நம்பர்."

"என் நம்பருங்க."

"அப்ப லாட்ஜ்?"

"லாட்ஜ் இருக்கு. பேரு வேற. அவங்களுக்குத் தெரியாது."

படிவத்தில் ஏதோ இரண்டு எழுத்தைப் போட்டுப் பட்டனை அழுத்தினார். பச்சைப் பெட்டி அழகாக எழும்பி வந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப நான் போட்டது எங்க போச்சு?"

"எங்கயும் போகலிங்க."

"எங்கயும் போகாம புக் ஆயிடுச்சுனு சொல்லுது."

"ஆமாங்க."

"நெசமாவே யாராவது போட்டிருந்தா?"

இங்கேயும் ஒரு பொய் சொல்ல இடம் இருந்தது. சோர்வாக இருந்தது. "ஒரு ஃபேமிலி வந்து கேட்டுகிட்ட நிக்கறாங்க. சித்தூரு. ஒரு அம்மாவுக்கு ஆப்பரேஷன் ஆயிருக்காம்."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வர வழியில கூப்பிட்டாங்க."

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. மற்ற இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சும் போன ஆஃப் பண்ணிட்டு இங்க வந்து உக்காந்திருக்கீங்க."

"வேலை வேணுங்க" என்றேன்.

"மொதல்ல அதை ஆன் பண்ணுங்க."

பையிலிருந்து எடுத்து உயிர்ப்பித்தேன். கூட்டத்தால் நெட்வொர்க் வரத் தாமதமாயிற்று. பிறகு தவறிய அழைப்புகளின் செய்திகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பதினொன்று. அவர் எட்டிப் பார்த்தார். சித்தூர்க்காரருடையது மட்டும் அல்ல, அதையும் சேர்த்து மூன்று வேறு வேறு எண்கள்.

"மொத்தம் எத்தன பேரு?"

"தெரியாதுங்க."

"அதான் சொல்றேன். அந்த ஃபார்ம் எங்கனா போய்ச் சேந்திருந்தா இப்ப ஒரு லிஸ்ட் இருக்கும். உக்காந்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டு வராதீங்கன்னு சொல்லலாம். உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. அவங்களா கூப்பிட்டாத்தான் உண்டு. அந்த ஒரு வழியையும் அடைச்சிட்டு வந்திருக்கீங்க."

எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். அவருடைய கணினியிலேயே உள்ளே நுழைந்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். நீக்கவா என்று இரண்டு தடவை கேட்டது. எட்டு மாதத்தில் நான் செய்ததில் ஒருவர் நல்லா இருக்கு என்று சொன்னது அது ஒன்றுதான். என் தளத்தில் இப்போது ஒரு மெனுவும் இன்னொருவருடைய வானிலையும் மிச்சம்.

வாசலில் ஷூவை மாட்டும்போது கேட்டேன். "வேலைங்க?"

"இன்னிக்கு இல்லண்ணா. போங்க. போய் அவங்களப் பாருங்க."

மாடிப்படியில் நின்று மற்ற இரண்டு எண்களையும் அழைத்தேன். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் ஓசூர். "ஊத்தங்கரை தாண்டிட்டோம், வழி சொல்லுங்க" என்றார். அறை இல்லை, நான் செய்த தப்பு என்றேன். பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது கேட்டது. என் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார். சித்தூர்க்காரரைக் கூப்பிட்டு, "வந்துட்டு இருக்கேன் சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார். அதற்கு ஓசூர்க்காரர் பேசியதே தேவலை.

டைல்ஸ் கடை வாசலில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். திரும்பிப் போகும்போது கூட்டம் என்னோடு வந்தது. கூட்டத்தோடு போவது அதை எதிர்த்துப் போவதைவிட மெதுவாக இருந்தது. யாரையும் முந்த முடியவில்லை. சாயங்காலக் கூட்டமும் சேர்ந்துகொள்ள, தோளோடு தோள் இடித்துக்கொண்டு அவர்கள் நடக்கிற வேகத்தில்தான் நடக்க முடிந்தது. அவர்களுக்கு அவசரமில்லை. ஐந்தரைக்கு எங்கள் தெருவுக்குள் திரும்பினேன்.

நீலக் கேட்டுக்கு உள்ளே ஜெனரேட்டர் பக்கத்தில் பைகளோடு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சித்தூர்க்காரர், அவர் மனைவி, பையில் தலை வைத்துக் கால் நீட்டிச் சாய்ந்திருந்த அக்கா. லாட்ஜ்காரர் கேட் அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வேன் ஓட்டிச் சம்பாதித்து இந்த லாட்ஜைக் கட்டியவர். இத்தனை மாதமாக எதிர்மாடியில் இருந்தும் அவரிடம் நான் பேசியதில்லை.

"வாங்க மொதலாளி" என்றார். "லாட்ஜ் சாவிய எங்க வெச்சிட்டுப் போனீங்க? கஸ்டமருங்க காத்துட்டு இருக்காங்க பாருங்க."

நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

"போட்டோவக் காட்டுனாரு. எந்த மாடில நின்னு எடுத்தான்னு பாத்தேன். மூலையில கொடி தெரியுது, கொடில உன் லுங்கி தெரியுது. தெனம் பாக்கற லுங்கி."

சித்தூர்க்காரர் எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை. தன் போனை என் முன்னால் நீட்டினார். பச்சைப் பெட்டியைப் படமாகச் சேமித்து வைத்திருந்தார்.

"இது நீங்க எழுதினதா சார்?"

"ஆமாங்க."

"ஏன் எழுதினீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "பழகறதுக்குங்க" என்றேன்.

அவருக்கு அது சரியாகப் புரிந்ததா என்று சந்தேகம் வந்தது போல, என்னைப் பார்த்தபடியே தெலுங்கில் தன் வீட்டாரிடம் சொன்னார். சாய்ந்திருந்த அக்கா கண்ணைத் திறக்காமல் ஏதோ சொன்னார். சித்தூர்க்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை. திருப்பதிக்கு வேன் ஓட்டிய லாட்ஜ்காரருக்குத் தெலுங்கு தெரியும்.

"பழகறதுக்கு நாமதான் கெடைச்சோமான்றாங்க" என்றார்.

"என் ரூம் இருக்குங்க" என்றேன். "எதிர்மாடில. சீட்டு போட்டது. பாத்ரூம் கீழ, ஆனா தனி. வேற யாரும் வர மாட்டாங்க."

"சீட்டு ரூமா. மத்தியானமா இருந்தா வெந்துருப்பாங்க" என்றார் லாட்ஜ்காரர். "இப்ப பரவால்ல. பொழுது சாஞ்சிருச்சு. என்கிட்ட மாடிப்படிக்கு அடியிலகூட ஆளு படுத்திருக்கான்."

சித்தூர்க்காரர் மனைவியைப் பார்த்தார். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஏற்கெனவே எழுந்து நின்று சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முதலில் கீழ்ப் பாத்ரூமைக் காட்டிவிட்டு, பைகளை இரண்டு தடவையாக மாடிக்குத் தூக்கினேன். பாயை விரித்தேன், துவைத்த போர்வை ஒன்று இருந்தது, அதைப் போட்டேன். சித்தூர்க்காரரின் மனைவி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் துணிகளை ஒரு ஓரமாகத் தள்ளினார். எனக்கு நன்றி என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

கீழே வந்தபோது ஓசூர்க்காரர் மறுபடி கூப்பிட்டார். பஸ் ஊர்ந்து ஊர்ந்து இப்போதுதான் செங்கம் வந்திருக்கிறது, நான்கு பேர், திரும்பிப் போக பஸ் இல்லை. நான் திக்கித் திக்கிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த லாட்ஜ்காரர் போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"அண்ணே, வணக்கம்ண்ணே. ஆமாண்ணே, அவன் லூசு. நீங்க இங்க ஊருக்கு வெளிய பஸ்ஸ விட்டு எறங்குனதும் எதுக்க ஒரு கல்யாண மண்டபம் இருக்கும். நீலக் கேட்டு லாட்ஜ்காரர் அனுப்புனாருன்னு சொல்லுங்க, ஹால்ல படுக்க வெப்பாங்க. பேன் இருக்கு, தண்ணி இருக்கு. லேடிஸ் இருக்காங்களா? மேடைப் பக்கமா படுங்க." அரை நிமிடத்தில் முடிந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தார். "இப்புடிப் பேசணும். ஜாஸ்தி சாரி கேட்டுட்டு இருந்தா அவன் எங்க படுப்பான்?"

"இனிமே வராதுண்ணே. பக்கத்த எடுத்துட்டேன்."

"பக்கத்த எடுத்துட்ட. அவங்க போன்ல இருக்கறத எடுத்துட்டியா?"

இல்லை. சித்தூர்க்காரரைப் போல எத்தனை பேர் அந்தப் பச்சைப் பெட்டியைச் சேமித்து வைத்திருந்தார்களோ.

"திதி நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கு" என்றார். "டெஸ்க்ல இருந்தவன் போன வாரம் நின்னுட்டான். நானே மாடிக்கும் கீழுக்கும் ஓடிட்டு இருக்கேன். உன்னால வர்ற ஒவ்வொருத்தனும் என் கேட்டுக்குத்தான் வரான். காலைல ஆறு மணிக்கு வந்து உக்காரு."

"நான் காபி கடைல வேலை பாக்கறேண்ணே. காலைலதான் பாத்திரம் ஜாஸ்தி."

"வேலையப் பாரு. வேணான்னு யாரு சொன்னா. கையில சோப்போட எத்தன போன எடுப்ப?"

பௌர்ணமி மறுநாள் காபி கடையில் போன் எடுக்கிறவனை வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அது தெரியும். ஷூவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதே நாளைக்கு வரவில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் நாளை மறுநாளும் வர வேண்டாம் என்றார்கள். இதே மாதிரி பல கடைகளில் பல தடவை கேட்டிருக்கிறேன், பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. லாட்ஜ் மொட்டை மாடியில் வேன் டிரைவர்களோடு படுத்தேன். போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டேன்.

காலையில் ஆறுக்கு முன்னாலேயே டெஸ்கில் இருந்தேன். ஒரு மேசை, நீளமான ஒரு நோட்டு, ஆணியில் தொங்கிய சாவிகள், ஒரு சார்ஜர். எந்த அறையில் யார், எப்போது காலி செய்வார்கள் என்று லாட்ஜ்காரர் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். சாப்பாடு இங்கேயே, சம்பளம் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். சரி என்றேன். மண்டப வாட்ச்மேனின் எண்ணையும், பக்கத்துத் தெருவில் ஹால் வைத்திருக்கும் ஒருவரின் எண்ணையும் நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

ஆறு இருபதுக்கு என் போன் அடித்தது. தெரியாத எண்.

"சார், நாங்க திருப்பத்தூர்லருந்து பேசறோம். இன்னிக்குக் காலைல செக்கின். ரூம் கன்பார்ம்னு காட்டுச்சு. பஸ் ஸ்டாண்டுலருந்து எப்படி வரணும்?"

"பஸ் ஏறிட்டீங்களா சார்?"

"இல்ல, டீ குடிச்சிட்டு இருக்கோம். பஸ் நிக்குது."

"ஏறாதீங்க" என்றேன். "ரூம் இல்ல சார். அது பொய். அத எழுதினவன்தான் பேசறேன். இப்ப லாட்ஜ் டெஸ்க்ல இருக்கேன்."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு அவர் திட்ட ஆரம்பித்தார். இடையில் ஒன்றும் சொல்லாமல் முழுவதும் கேட்டேன். வேறொரு அழைப்பு உள்ளே வருவதற்கான சத்தம் காதில் விழுந்தது. அவர் மூச்சு வாங்கியபோது எத்தனை பேர், பெண்கள் இருக்கிறார்களா, ஹாலில் படுக்கச் சம்மதமா என்று கேட்டு நோட்டில் எழுதினேன். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.